கிப்சன் எஃப்-9 மாண்டலின்: உள்ள கெடக்க கையெழுத்து யாருக்கது?

ரெண்டு வருசமா கையில இருக்கு, நாலு மழையும் ரெண்டு கிறிஸ்மஸும் பாத்தாச்சு, இனி இதப்பத்தி எழுதலாம்னு தோணுச்சு. அமெரிக்காவுல கிப்சன் கம்பெனி 2008-ல நாஷ்வில் ஊர்ல செஞ்ச எஃப்-9 மாடல். எனக்க அத்தான் அமெரிக்காவுல வேலை முடிச்சு நாகர்கோவிலுக்கு திரும்பும்போது செகண்ட் ஹேண்டா 1,800 டாலருக்கு எடுத்துட்டு வந்தாரு. கையில குடுக்கும்போதே "மாப்ள, ஓட்டைக்குள்ள பாரு, செஞ்ச ஆளு கையெழுத்தே போட்டுருக்காரு"ன்னாரு.

மொதல்ல சத்தம். ஜி கம்பி ஜோடிய தட்டுனா நெஞ்சுல வந்து முட்டும், ஈ கம்பி மேல ஏற ஏற கீச்சுன்னு மெலியாம உருண்டு நிக்கும். டிசம்பர் கேரல் ரவுண்டுல மைக் இல்லாம மூணு கிட்டார், ஒரு டோலக், இருபது பேரு பாட்டு, அதுக்கெடையில இது தனியா கேட்டுதுன்னு பின்னாடி நடந்து வந்த பிள்ளைங்க சொன்னாங்க. சபைக் கீர்த்தனைக்கு அருமையா இருக்கு. கமகம் வேணும்னு நெனைக்கவங்க ரெண்டு தடவ யோசிங்க, ரெட்டைக் கம்பிய இழுத்து வளைக்க விரல் நோவும். மாண்டலின் யு.ஸ்ரீனிவாஸ் ஜோடிக் கம்பிய விட்டுட்டு அஞ்சு ஒத்தைக் கம்பி போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு போனதுக்கு காரணம் இதுல ஒரு மணி நேரம் கர்நாடக கீர்த்தனம் வாசிச்சா புரியும்.

பாக்கதுக்கு பளபளப்பு கெடையாது, மங்கலான பிரவுன், ஓரத்து வெள்ளை பட்டையும் கம்மி. கிப்சனோட ஒசந்த மாடல் எஃப்-5 மாதிரி அலங்காரம் எதிர்பாக்காதீங்க, விலைய கொறைச்சதே அதுலதான். மரத்துல கொறைக்கல, மேல ஸ்ப்ரூஸ், பின்னால மேப்பிள், செதுக்கி எடுத்த பலகை.

இனி கையெழுத்து விசயம், எனக்கு இதுதான் முக்கியம்.

எஃப் வடிவ துளைக்குள்ள ஒரு லேபிள், அதுல மாடல் பேரு, நம்பர், தேதி, பேனாவுல டேவிட் ஹார்வின்னு ஒரு கையெழுத்து. கொஞ்ச நாளு நானும் இத அவருதான் ஒக்காந்து செதுக்குனாருன்னே நெனச்சேன், சபையில எல்லாருட்டயும் அப்படித்தான் சொன்னேன். அப்புறம் ஒரு நாளு கம்பி மாத்தும்போது பல் டாக்டர் வச்சிருக்க மாதிரி குட்டிக் கண்ணாடிய உள்ள விட்டு, போன் டார்ச் அடிச்சு பாத்தேன். பக்கவாட்டு பலகையோட உள்பக்கம் சுத்தி அறுத்து அறுத்து வளைச்ச மரப்பட்டை ஓடுது, ஒரு எடத்துல பசை வழிஞ்சு மணி மாதிரி காஞ்சு நிக்கி, கழுத்து கட்டைக்கிட்ட பென்சில்ல ஏதோ கிறுக்கல், அந்தக் கை லேபிள்ல இருக்க கை இல்ல.

எனக்கு பொழப்பு வடசேரில கோயில் நகை வேலை. ஒரு நெத்திச்சுட்டி எங்க பட்டறையில எத்தன கை தாண்டி போகுதுன்னு தெரிஞ்சவன் நான், வெள்ளித் தகடு அடிக்கவரு வேற, அரக்கு நெரப்பவரு வேற, கெம்புக்கல் பதிக்கவரு வேற, கடைசில தங்க ரேக் ஒட்டி மெருகு போடவரு வேற. முடிஞ்சத கையில வாங்கி வெளிச்சத்துல திருப்பி திருப்பி பாத்து சரின்னு சொல்ல மூத்தவரு ஒருத்தரு. அந்த பென்சில் கிறுக்கல பாத்ததும் எனக்கு அந்த மூத்தவரு ஞாபகம்தான் வந்துச்சு, அதுக்கப்புறம் தேடித் தேடி படிச்சேன்.

லேபிள்ல கையெழுத்து போடுற இந்த பழக்கம் தொடங்குனது மிச்சிகன்ல இருக்க கலமசூ ஊர்ல, கிப்சன் கம்பெனி 1902-ல அங்கதான் ஆரம்பிச்சுது. வயலின் மாதிரி செதுக்குன மாண்டலினுக்கு ஆர்வில் கிப்சன் 1898-லயே பேட்டன்ட் வாங்கியாச்சு. 1919-ல லாய்டு லோர்னு ஒரு இசைக்காரர் கம்பெனிக்குள்ள வந்தாரு, 1922-ல எஃப்-5 வந்துச்சு, 1924 கடைசில அவரு வெளிய போயிட்டாரு. அந்த ரெண்டரை வருசத்துல அவரு கையெழுத்து போட்ட மாண்டலின்தான் இன்னைக்கு லட்சம் டாலர தாண்டி போகுது. அந்த லேபிள்ல என்ன எழுதிருக்கு பாருங்க: மேல் பலகை, பின் பலகை, டோன் பார் (மேல் பலகைக்கு உள்ள ஒட்டுன மரக்கட்டை), காத்தறை எல்லாம் சோதிச்சு, சுருதி பாத்து, கோத்து முடிச்ச கருவிய வாசிச்சு பாத்து ஒப்புக்கிட்டாச்சு, இன்ன தேதி. செஞ்சேன்னு ஒரு வார்த்த கெடையாது! அது ஃபாக்டரி, பேட்ச் பேட்ச்சா போகும், ஒரே தேதில பல மாண்டலின் கையெழுத்தாகிருக்கு. உள்ள ஃபாக்டரி ஆர்டர் நம்பர்னு ஒண்ணு குத்திருப்பாங்க, அது பேட்ச் வேலைக்கு எறங்குனத சொல்லும், லேபிள் தேதி வாசிச்சு பாத்து விட்ட நாள சொல்லும். இது ரெண்டையும் சேத்து படிச்சாதான் ஒரு கருவிக்க கதை தெரியும்.

புளூகிராஸ்னு சொல்லுற அமெரிக்க நாட்டுப்புற இசைக்க பெரிய மாண்டலின்காரர் பில் மன்றோ வாசிச்ச எஃப்-5 1923 ஜூலை 9-ல லோர் கையெழுத்து போட்டது, அவரு மயாமில ஒரு பார்பர் ஷாப்ல 150 டாலருக்கு வாங்கினாரு. 1985-ல யாரோ வீட்டுக்குள்ள புகுந்து அத அடிச்சு நொறுக்கிட்டாங்க. அந்த சில்லையெல்லாம் பொறுக்கி திரும்ப ஒட்டி வாசிக்க வச்சது கிப்சன்ல இருந்த சார்லி டெரிங்டன். அவருதான் பொறவு நாஷ்வில்ல மாண்டலின் பிரிவ நடத்துனாரு. 2006-ல ரோட்டு விபத்துல போயிட்டாரு, கேக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. அவருக்கு அப்புறம் வந்தவருதான் டேவிட் ஹார்வி, அவரே நல்ல மாண்டலின் வாசிப்பாரு. அப்போ எனக்க லேபிள்ல இருக்கது, வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரு பொறுப்பேத்து போட்ட கையெழுத்து. எனக்கு அது கொறஞ்சதா தெரியல, இன்னும் மதிப்பாத்தான் தெரியுது. 2010 மே மாசம் நாஷ்வில்ல வெள்ளம் வந்து, கிப்சன் மாண்டலின் பட்டறை இருந்த ஓப்ரி மில்ஸ் முங்கிப்போச்சு. 2008 தேதிய பாக்கும்போதெல்லாம் இது அதுக்கு முன்னாடியே கரையேறிட்டுதேன்னு ஒரு நிம்மதி.

நம்ம ஊரு காத்துக்கு இது தாங்குமான்னு கேப்பீங்க. தாங்கும், ஆனா கவனிக்கணும். மொத வருசம் ஐப்பசி மழையில மேல் பலகை ஈரம் குடிச்சு உப்பி, கம்பி தூக்கிட்டுது, அழுத்த முடியல. டவுண்ல ஒரு கடையில குடுத்தேன், அவங்க கம்பிய தாங்குற பிரிட்ஜோட மேல் கட்டைய ராவி எறக்கிட்டாங்க. பங்குனி வெயில்ல பலகை பழைய நிலைக்கு எறங்குன ஒடனே கழுத்துல இருக்க எல்லா ஃப்ரெட்லயும் கம்பி எரைய ஆரம்பிச்சுட்டு. அந்த பிரிட்ஜ்ல ரெண்டு குட்டிச் சக்கரம் இருக்கு, கம்பிய தளத்திட்டு அத திருப்புனா ஏறும் எறங்கும், அரமே தேவையில்ல. எனக்கு அன்னைக்கு வந்த ஆத்திரம் கொஞ்சம் நஞ்சமில்ல. கடைசில கோட்டாறு பக்கம் வயலின் ரிப்பேர் பாக்க ஒரு பெரியவரு கருங்காலில புதுசா மேல் கட்டை செஞ்சு குடுத்தாரு, "மழைக்கு எறக்கு, வெயிலுக்கு ஏத்து, தம்பி"ன்னு சக்கரத்த எனக்க கையாலயே திருப்ப வச்சாரு. வேலை சுத்தம்.

பழசு வாங்கப்போறவங்க லேபிள் போட்டோவ மட்டும் பாத்து காசு குடுக்காதீங்க. கழுத்து ஒடம்புல சேருற எடம், பலகை ஓரத்துல பசை விட்டிருக்கா, பெயின்ட் மறுபடி அடிச்சிருக்கா, பிரிட்ஜ் பழசுதானா, இதெல்லாம் பகல் வெளிச்சத்துல பாருங்க. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை கேஸோட பூட்டுக்கு, உப்புக்காத்து பட்டு துருப்பிடிச்சு போச்சு.

இப்போ கேஸுக்குள்ள ஒரு சீட்டு எழுதி வச்சிருக்கேன். எந்த ஊர்ல செஞ்சது, எந்த வருசம், யாரு கையெழுத்து, கோட்டாத்துல எந்த மாசம் மேல் கட்டை மாத்துனது, பெரியவரு பேரோட. எனக்க மவன் இப்போ ஏழாங்கிளாஸ், ஜி டி ஏ ஈ சுருதி சேக்க படிச்சிட்டான்.