படுவான்கரைக்கு வந்த விபத்துத் தவிர்ப்பு நடமாடும் சேவை: ஒரு மதிப்பீடு

தவிர்க்கக்கூடிய விபத்துகள் பற்றியும், காயமடைந்தவர்களுக்குச் சட்டம் தரும் உரிமைகள் பற்றியும் மக்களுக்கு எடுத்துச் சொல்வதற்காகச் சட்டத்தரணிகள், தாதி உத்தியோகத்தர்கள், ஊர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து தன்னார்வமாக நடத்தும் நடமாடும் சேவையொன்று, பெரும்போக அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நாட்களில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கும் வந்தது. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் உள்ள ஒரு பலநோக்கு மண்டபத்தில் சனிக்கிழமை காலை தொடங்கிப் பிற்பகல் வரை நடைபெற்ற அச்சேவையில் தொடக்கம் முதல் முடிவு வரை இருந்தேன். கட்டணம் இல்லை, முன்பதிவும் தேவைப்படவில்லை. அங்கு சொல்லப்பட்ட விடயங்கள் மிகத் தரமானவை. ஆனால், அவற்றைக் கட்டாயம் கேட்டிருக்க வேண்டியவர்களுள் பெரும்பாலானோர் அந்நேரம் வயலிலும் அரிசி ஆலையிலும் நின்றார்கள் என்பதே என் மதிப்பீடு.

மண்டப முற்றத்தில் ஓர் உழவு இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதன் பின்புறத்தில், பூட்டப்படும் கருவிகளை இயக்குவதற்கான, சாரதிமார் பி.ரி.ஓ. என்று சொல்லும் சுழல்தண்டின் மேல் பழைய சாரமொன்றின் நுனியைப் பட்டும் படாமலும் விட்டு, இயந்திரத்தை இயக்காமலே தண்டைக் கையால் மெல்லச் சுழற்றிக் காட்டினார் பயிற்சியாளர். மூட்டில் சற்றே துருத்திக்கொண்டு நின்ற ஆணியில் துணி மாட்டியது. அடுத்த சுற்றில் தன்மேலேயே சுற்றிக்கொண்டு இறுகியது. பின்னர் முன்வரிசையில் நின்ற இளைஞர் இரு கைகளாலும் பிடித்து இழுத்தும் அது கழரவில்லை. இயந்திரம் வேலை செய்யும்போது இதே தண்டு நிமிடத்துக்கு 540 முறை, அதாவது விநாடிக்கு 9 முறை சுழலும் என்றும், துணி மாட்டியதை மனிதன் உணர்வதற்கு முன்பே கையோ காலோ உள்ளே போய்விடும் என்றும் அவர் சொன்னபோது, அதை விளக்க வேறு சொல் எதுவும் தேவைப்படவில்லை. இத்தண்டுக்கு உறை இருக்கிறது. கிரீஸ் பூசுவதற்காகக் கழற்றப்படும் அந்த உறை மீண்டும் பூட்டப்படாமல் கொட்டிலின் மூலையில் கிடப்பதுதான் நம் பகுதியில் நடப்பது. அரிசி ஆலைகளில் பெல்ட்டின் மேல் இருக்க வேண்டிய மூடிக்கும் இதே கதிதான். கை போன பிறகு விதியை நொந்துகொள்ளும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால், அந்த முற்றத்தில் நான் கண்டதில் விதிக்கு இடமே இருக்கவில்லை.

முதலுதவிப் பகுதியை நடத்திய தாதி உத்தியோகத்தர் சுருக்கமாகவும் உறுதியாகவும் பேசினார். துண்டான விரலை நேரடியாக ஐஸில் போடக்கூடாது. சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸின் மேல் வைக்க வேண்டும். தீக்காயத்தின் மேல் பற்பசையும் எண்ணெயும் பூசாமல், ஓடும் நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பதைக் கேட்டுச் சிலர் வியந்தது எனக்குக் கவலையளித்தது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடு முழுவதும் விரிந்த ஒரு சேவையைப் பற்றி, முச்சக்கரவண்டிக்குக் காசு தேடி அலைந்து நேரத்தை இழக்கும் குடும்பங்களுக்கு இன்றும் தெரியாமல் இருப்பது பெரிய குறை. வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பின்னர் நகரத்து வைத்தியசாலை முன்னைவிடக் கிட்டவாகிவிட்டது. ஆகவே, பாலத்தைக் கடப்பதற்கு முன் வீணாகும் நேரத்தைப் பற்றித்தான் இனி நாம் பேச வேண்டும்.

வீதி விபத்துப் பற்றிய பகுதியில் தலைக்கவசத்தின் எஸ்.எல்.எஸ். தரச் சின்னம், நாடிப்பட்டியைப் பூட்டுதல் போன்ற வழக்கமான அறிவுரைகளே அதிகம். ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. வீதியோரத்தில் நெல் காயவிடுகிறவர்கள், வாகனம் ஏறாமலிருக்கச் சுற்றிவரக் கற்களை வைத்துவிட்டு, மாலையில் நெல்லை அள்ளிக்கொண்டு கற்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இருட்டிய பின் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அவை தெரிவதில்லை. பின்விளக்கும் ஒளிதெறிக்கும் பட்டியும் இல்லாத நெல் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டிகளைப் பற்றியும் சொன்னார்கள். இவ்விரண்டுக்கும் அதிக செலவில்லை என்பதால், இந்த அறிவுரை ஒவ்வொரு விவசாய அமைப்பின் கூட்டத்திலும் வாசிக்கப்பட வேண்டியது.

எனினும், இச்சேவையின் உண்மையான பெறுமதி பிற்பகலில் சட்டத்தரணியின் மேசையில்தான் தெரிந்தது. ஆலையொன்றில் கணவனின் இரண்டு விரல்கள் போன ஓர் அம்மா, தன் முறை வந்ததும், “மகள், அவங்க கொஞ்சக் காசி தந்து, இனி ஒண்டும் கேக்க மாட்டம் எண்டு கையெழுத்து வாங்கிட்டாங்களே, இனி ஒண்டும் செய்ய ஏலாதா?” என்று கேட்டார். “அந்தத் தாளின்ட பிரதி உங்களிட்ட இருக்கா அம்மா?” என்பதே சட்டத்தரணியின் முதற் கேள்வி. இருக்கவில்லை. கையெழுத்து வைத்ததனாலேயே எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம் என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு, வைத்தியசாலையிலிருந்து கொடுத்த நோயறிக்கை அட்டை, விபத்து நடந்த திகதி, உடன் நின்றவர்களின் பெயர்கள், சம்பளம் கொடுத்ததற்கான ஏதாவது குறிப்பு ஆகியவற்றைத் தேடி எடுக்கும்படி ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார். அன்று அந்த மேசைக்கு வந்தவர்களுள் பெரும்பாலோருக்கு உரிமை இருந்தது. கையில் ஆவணம் இருக்கவில்லை.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு தொழில்தருநருடையது. அவர் பிழை செய்தார் என்று தொழிலாளி காட்ட வேண்டியதில்லை. ஆலையின் தொழிலுக்காகவே வேலை செய்தவர், நாட்கூலிக்காரர் என்பதால் மட்டும் தன் உரிமையை இழப்பதில்லை. 2022இல் செய்யப்பட்ட திருத்தம், வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துகளையும் உள்ளடக்கியதோடு, உச்ச நட்டஈட்டையும் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வீதி விபத்தில், மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்பதால், மோதிய வாகனத்தின் இலக்கத்தையும் காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் குறித்துக்கொள்வதும் பொலிஸில் முறைப்பாட்டைப் பதிவதும் முதல் வேலை. அங்கு தரப்படும் மருத்துவ சட்டப் பரிசோதனைப் படிவத்துடன் சட்ட வைத்திய அதிகாரியிடம் காயங்களைப் பதிவுசெய்வது அடுத்தது. பிறருடைய கவனயீனத்தால் வந்த காயத்துக்கு நட்டஈடு கோரி வழக்குத் தொடர 2 ஆண்டுகளே காலவரம்பு. “குணமான பிறகு பார்ப்போம்” என்று நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த ஒரு தகவலே எனக்கு உணர்த்தியது. வசதியற்றவர்கள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தை நாடலாம் என்றும் விளக்கினார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கையில் தந்த துண்டுப்பிரசுரம், மேசையில் அவ்வளவு தெளிவாகப் பேசிய அதே சட்டத்தரணிகள் எழுதியதா என்று ஐயுறும்படி, சட்டப் புத்தக நடையில் சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் வாசிக்காமலே கையெழுத்திட்ட அனுபவம் பலருக்கு இருக்கும்போது, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழி என அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்வதை யாரும் எடுத்துக் கூறவில்லை. தன் வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டுமென்று கேட்பது காயமடைந்தவரின் உரிமை. நட்டஈட்டைப் பற்றிய எந்தப் பேச்சும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய குறை நேரமும் இடமும். அறுவடைக் காலத்துச் சனிக்கிழமையில் பகல் நேரத்தை ஒதுக்கக்கூடிய நாட்கூலிக்காரர் எவரும் இல்லை. வந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் முதியவர்களுமே. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள் என்ற நம்பிக்கை நியாயமானதே. ஆனால், பி.ரி.ஓ. உறையை மீண்டும் பூட்ட வேண்டிய கை அவர்களுடையதன்று. ஆலை உரிமையாளர்களில் ஒருவரையும் நான் காணவில்லை. இந்தக் கருத்தை ஏற்பாட்டாளர்களிடம் நேரிலேயே சொன்னேன்; மறுப்பின்றிக் குறித்துக்கொண்டார்கள். அடுத்து சம்மாந்துறைப் பக்கம் போகும் எண்ணம் இருப்பதாகவும் கூறினார்கள். அங்கே வேலை முடியும் மாலை வேளையில், ஆலை முற்றத்திலேயே, உரிமையாளரின் முன்னிலையில் இதை நடத்தினால் நல்லது. போகிறவர்கள் நோயறிக்கை அட்டை, முறைப்பாட்டின் பிரதி, கையெழுத்திட்டுக் கொடுத்த எந்தத் தாளின் படமாயினும் கையோடு கொண்டுபோனால், அந்த மேசையில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் கேள்வி கேட்பதிலேயே கழிந்துவிடாமல், விண்ணப்பத்தை எழுதத் தொடங்கவும் போதுமாக இருக்கும்.