தூங்கிய மீனுக்கு மருந்து, மூச்சுத் திணறிய மீனுக்கு மழைக்கதை

போன மாதம் மகளின் நச்சரிப்புத் தாங்காமல் இங்கே சிங்கப்பூரில் ஒரு வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். கடைப்பெயரைப் போடவில்லை. கடைக்காரர் நம்மவர். "வாங்கண்ணே" என்று முக்காலி போட்டு உட்கார வைத்தார். அதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். இரண்டடித் தொட்டி, ஃபில்டர், விளக்கு, ஐந்து கிளவுன் லோச் எல்லாம் சேர்த்து 210 வெள்ளி (டாலர்). ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை போட்ட மீன், நம்மூர் அயிரைக்குத் தூரத்துச் சொந்தம். "இவ்வளவுதாண்ணே வளரும்" என்று சுண்டுவிரலைக் காட்டினார். குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் பிடித்து வைத்தால் போதும், மறுநாளே மீனை விடலாம் என்றார். விட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மகள் அலறினாள். ஒரு மீன் மரக்கட்டைக்கு அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. வாட்ஸ்அப்பில் காணொளி அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் பதில்: காற்றுப்பை (மீனை மிதக்க வைக்கும் உள்பை) நோய், இன்றே மருந்து போடாவிட்டால் எல்லாம் போய்விடும். மருந்து 38 வெள்ளி, வீட்டுக்கு வந்து ஊற்ற 60 வெள்ளி. ஈசூனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார், செம்பு கலந்த அந்த மருந்தை முழு அளவு ஊற்றினார், கைப்பேசியில் பேநவ் வழியாகப் பணம் வாங்கினார். ரசீது கேட்டேன், சிரித்தார்.

மறுநாள் சாயங்காலம் ஐந்தும் கண்ணாடியை ஒட்டி மேலும் கீழுமாகப் பாய்ந்தன. மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. பதறிப்போய் அழைத்தேன். "அது ஒண்ணுமில்லண்ணே, மழைய முன்னாடியே சொல்ற மீனு. மழை வரப்போவுது." சிங்கப்பூரில் மழை வரும் என்று சொல்ல மீன் வேண்டுமா என்ன? அன்றும் வந்தது. நானும் மகளிடம் பெருமையாகச் சொன்னேன். விடிந்தபோது மூன்று செத்துக் கிடந்தன.

பக்கத்து புளோக்கில் பல வருடமாக மீன் வளர்க்கும் மலாய்ப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டார். மஞ்சளாக இருக்க வேண்டியது பச்சையானது. அம்மோனியா, மீன் வெளியேற்றும் நஞ்சு. அப்புறம்தான் எல்லாம் தலைகீழ் என்று புரிந்தது. ஒருக்களித்துப் படுப்பது கிளவுன் லோச்சின் வழக்கம், செத்ததுபோலவே கிடக்கும். நிறம் வெளுக்காமல், செவுள் நிதானமாக அசைந்து, தீனி போட்டதும் எழுந்து வந்தால் விட்டுவிடலாம். எல்லாம் சேர்ந்து கண்ணாடியோரம் ஓடி, விடாமல் மேலே வந்து காற்றை விழுங்கினால்தான் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். உடனே கொஞ்சம் தண்ணீர் மாற்றி, குமிழி விடும் காற்றுக்கல் போட வேண்டும். காற்றழுத்தம் மாறும்போது துள்ளுவது டோஜோ லோச் போன்ற வேறு வகை. அந்தக் கதையைத்தான் கடைக்காரர் என் மீன் தலையில் கட்டியிருக்கிறார்.

வாளிக் கதையும் தப்பு. நம் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் கலந்திருப்பது குளோரமின். குளோரின் மாதிரி ஒரு ராத்திரியில் பறந்துவிடாது, முறிப்பதற்குத் தனி மருந்து ஊற்ற வேண்டும். புதுத் தொட்டியின் ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் வளர நான்கைந்து வாரமாவது ஆகும். மறுநாளே மீனை விடச் சொல்லும் கடையிலிருந்து அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். லோச்சுக்குச் செதில் மிகப் பொடி, செம்பு மருந்தைத் தாங்காது. மூன்றும் மருந்தால் செத்தனவா, அம்மோனியாவாலா, இரண்டாலுமா, யார் கண்டது! சுண்டுவிரல் மீன் 30 செண்டிமீட்டர் வரை வளருமாம். மிஞ்சிய இரண்டையும் பெரியவரின் ஆறடித் தொட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டோம்.

கடைக்காரரிடம் பணத்தைக் கேட்டேன். மருந்துப் புட்டியைத் திறந்துவிட்டதால் திருப்பித் தர முடியாதாம். திறந்தது அவர்தான். அடுத்த ஐந்து மீனுக்கு 10 விழுக்காடு கழிவு தருகிறாராம்.