பழைய வீட்டுச் சமையலறை: வருடக்கணக்கில் புழங்கிய பிறகு தெரிந்தவை

சென்னையில் அறுபதுகளில் கட்டிய தனி வீடுகள் இன்னும் விலைக்கு வருகின்றன. மரக்கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, சுண்ணாம்புப் பூச்சு, சிவப்பு ஆக்சைடு தரை, கடப்பா கல் மேடை, கிணற்றடிக்குத் திறக்கிற சமையலறை. பலர் மனைக்காக வாங்கி இடித்துவிடுகிறார்கள். இடிக்காமல் குடியேறி, அதே சமையலறையில் மூன்று வேளையும் அடுப்பு மூட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். எது உழைத்தது, எது காலை வாரியது என்று, செலவு செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்லிவிடுகிறோம்.

முதலில் ஒரு வேண்டுகோள். பால் காய்ச்சிய கையோடு மாடுலர் கிச்சனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். இருக்கிற மேடையிலேயே சமைத்து ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைக் கடத்துங்கள். எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, எந்தக் கட்டையின் முனையில் கசிவு, கழிவுநீர்த் தொட்டியான சேம்பர் நிரம்பினால் தண்ணீர் எதிர்த்து எங்கே வருகிறது என்பதெல்லாம் கோடையில் வீடு பார்க்கும்போது கண்ணில் படாது. கபோர்டு மாட்டிய பிறகு தெரிந்தால் கழற்ற ஒரு செலவு, திரும்ப மாட்ட ஒரு செலவு. தண்ணீர், கழிவுநீர், கரண்ட், காற்று, இந்த நாலும் சரியாகாத சமையலறையில் எவ்வளவு விலையுள்ள கபோர்டு ஷட்டர் போட்டாலும் சமைக்கிறவருக்கு நிம்மதி கிடையாது.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். புது வீட்டில் பருப்பு வேகவில்லை என்றால் குக்கரைச் சந்தேகிக்க வேண்டாம். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. ஐந்து விசில் விட்டும் துவரம்பருப்பு முழுசாக நிற்கும். விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளையாக மாவு தெரியும். ஒரே பருப்பை இரண்டு கிண்ணங்களில் போட்டு, ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் குடிநீர் வாரியக் குழாயில் வரும் மெட்ரோ தண்ணீர் ஊற்றி ஒரே குக்கரில் வையுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரிந்துவிடும். டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தைக் காட்டுமே தவிர, கடினத்தன்மை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஐஎஸ் 10500 குடிநீர்த் தரத்தின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை. லேபில் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஆப்பசோடா போட்டால் பருப்பு குழையும், உண்மைதான். ஆனால் ஒரு சவர்க்கார வாடை வரும், பி1 வைட்டமினும் போகும். அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, ஒரு கப்புக்கு மூன்று கப் நல்ல தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள், நுரை பொங்காமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய். புளியும் உப்பும் வெந்த பிறகுதான்.

நிரந்தரத் தீர்வாக நாங்கள் பரிந்துரைப்பது, மெட்ரோ தண்ணீருக்கென்று மொட்டை மாடியில் 500 லிட்டர் டேங்க் ஒன்று, அதிலிருந்து சமையலறைக்கு மட்டும் தனியாக ஒரு முக்கால் இன்ச் சிபிவிசி (பிளாஸ்டிக்) பைப் லைன். பாத்திரம் துலக்கப் போர் தண்ணீர் போதும். அதனால் சிங்க்கில் இரண்டு குழாய், இரண்டு நிறப் பிடி. டேங்க்கை மரக்கட்டைத் தளத்தின் நடுவில் ஏற்றிவிடாதீர்கள். நிரம்பினால் தண்ணீர் மட்டுமே அரை டன். கீழே சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து வையுங்கள். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் புது பைப்பை ஒட்டுப்போடுவது வீண். வெளியே முக்கால் இன்ச் இருந்தாலும் உள்ளே துருவேறி ஒரு பென்சில் நுழைகிற அளவுதான் மிச்சமிருக்கும். காலையில் முதல் குவளை பழுப்பாக வந்தால் லைனை முழுவதும் மாற்றுங்கள். ஆர்ஓ வைத்திருப்பவர்கள் அதன் கழிவுத் தண்ணீரால் சிவப்புத் தரையைத் துடைக்க வேண்டாம். காய்ந்ததும் வெள்ளைப் படலம் படிந்துவிடும்.

அடுத்தது கழிவுநீர். பழைய சமையலறைகளில் பாத்திரம் துலக்குவது பின்கட்டு முற்றத்தில்தான். உள்ளே இருக்கும் சிங்க் பிற்பாடு சேர்த்ததாக இருக்கும், ஒன்றேகால் இன்ச் பைப்பை எங்கேயோ இரண்டு முழங்கை போட்டுத் திருப்பி முற்றத்துச் சாக்கடையில் விட்டிருப்பார்கள். இதில் எப்போதும் ஒரே கதைதான். கிரைண்டர் கழுவின மாவுத் தண்ணீரும் கஞ்சியும் பைப்பின் உட்புறம் பசையாகப் படியும். அதன் மேல் எண்ணெய் உறையும். அதில் தேங்காய் நார், புளிக்கோது, வெந்தயம் ஒட்டிக்கொள்ளும். மேலே ஆசிட் ஊற்றுவதால் நார் போகாது. பைப்பை 2 இன்ச்சாக மாற்றி, 10 அடிக்கு 3 இன்ச் சரிவு கொடுத்து, ஒரு 90 டிகிரி பெண்டுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்டு போட்டு, திருப்பத்தில் அடைப்பெடுக்கக் கதவு வைத்த பெண்டு வையுங்கள். அந்தக் கதவைத் திறக்க ஸ்பேனர் நுழையும் இடம் விட்டிருக்கிறார்களா என்று பிளம்பர் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். டைல்ஸுக்குள் புதைத்துவிட்டுப் போவது வழக்கம்.

வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க சிங்க்கில் கொட்டுவதை நிறுத்த வேண்டும். பிவிசி பைப் 60 டிகிரிக்கு மேல் தாங்காது. சிங்க் அடியில் போடுகிற மெல்லிய சுருக்குப் பைப் இந்தச் சூட்டில் தளர்ந்து நடுவில் தொங்கும். தொங்கின இடத்தில் கஞ்சி தேங்கிப் புளித்து, ஒரு வாரத்தில் சமையலறை முழுவதும் அந்த வாடைதான். கஞ்சியைப் பாத்திரத்தில் பிடித்து ஆறவிட்டுச் செடிக்கு ஊற்றலாம். சுருக்குப் பைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு பாட்டில் ட்ராப் வைத்தால், அதில் நிற்கும் தண்ணீர் கரப்பான்பூச்சியையும் தடுக்கும். பைப் தரைக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றிய இடைவெளியை ரப்பர் வளையம் போட்டு மூடாவிட்டால், எத்தனை மருந்து அடித்தாலும் இரவில் கரப்பான் வரத்தான் செய்யும்.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் கூடாது. சுவரில் அடித்த மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயரிங்கில் எர்த் கம்பியே இருக்காது, அல்லது இருப்பதாக மூன்று ஓட்டை பிளக் மட்டும் இருக்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 9 ஆம்ப்ஸ் வரை இழுக்கும். அதைப் பழைய 5 ஆம்ப்ஸ் பிளக்கில் கன்வர்ட்டர் போட்டுச் செருகினால் பிளக் பழுப்பேறி உருகும். மீட்டர் பலகையிலிருந்து சமையலறைக்குத் தனியாக 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், இண்டக்‌ஷனுக்கும் மைக்ரோவேவ் ஓவனுக்கும் தனித்தனி 16 ஆம்ப்ஸ் பாயிண்ட், அவற்றுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம், புதிதாகத் தோண்டிய எர்த் குழி, 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்). இதற்குக் குறைந்து எதற்கும் சம்மதிக்க வேண்டாம். ஆர்சிசிபி மாட்டியதும் அடிக்கடி ட்ரிப் ஆகி விழும். அப்போது “பழைய வீடு சார், இது ஒத்து வராது” என்று எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிடப் பார்ப்பார், விடாதீர்கள். பெரும்பாலும் காரணம், பக்கத்து அறை விளக்குக்குச் சமையலறை நியூட்ரலை (கரண்ட் திரும்பும் கம்பியை) கடன் வாங்கியிருப்பதுதான். நியூட்ரலைப் பிரித்துவிட்டால் நின்றுவிடும். அப்படியும் விழுந்தால் ஈரம் இறங்கிய கிரைண்டர் மோட்டாரைச் சோதியுங்கள்.

இண்டக்‌ஷனைப் பற்றி ஒரு வார்த்தை. பால், பருப்பு, சாதம், காபிக்கு வெந்நீர் எல்லாவற்றுக்கும் அருமை. தோசைக்கு ஆகாது. சாதாரண அடுப்பின் சுருள் ஏழெட்டு இன்ச்தான். 12 இன்ச் கல்லில் நடு கருகும்போது ஓரம் வெளுத்துக் கிடக்கும். ஆகவே கேஸ் அடுப்பை விட முடியாது.

கேஸ் என்றதும் பழைய வீட்டில் கவனிக்க வேண்டிய இடம் நிலைப்படி. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும். உயர்ந்த நிலைப்படி அதை வெளியே விடாமல் சமையலறைக்குள்ளேயே தேக்கும். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது என்று நினைத்துப் பயனில்லை. பின்கட்டுச் சுவரில் தரையை ஒட்டி ஒரு துவாரம், எலி வராமல் வலை வைத்து, கட்டாயம் வேண்டும். சிலிண்டர் வைக்கும் அறைக்குக் கதவு போட்டால் அதன் அடியிலும் காற்றுவழி விடுங்கள். இரும்பு வலை உள்ளே பின்னிய சுரக்‌ஷா டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், 5 வருடத்தில் மாற்ற வேண்டும், சுவருக்குள் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது. வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடிக் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்கள். விளக்கு, எக்ஸாஸ்ட், எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள்.

புகைக்கு வருவோம். கூரை 11, 12 அடி உயரம். எக்ஸாஸ்ட் ஃபேனோ ஜன்னலுக்கு மேலே, 7 அடியில். தாளிக்கிற புகை அதைத் தாண்டி மேலே போய்க் கூரையடியில் தங்கி, மிளகாய் வறுத்த நெடியாகச் சாயங்காலம் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். ஃபேனைக் கூரைக்கு ஓரடி கீழே ஏற்றி, எதிர்ப்பக்கம் தாழ்வாகக் காற்று வர வழி வைத்தால் 9 இன்ச் ஃபேனே போதும். சிம்னி வேண்டுமென்றால் ஃபில்டர் இல்லாத வகை, 6 இன்ச் கெட்டிப் பைப், ஒரே ஒரு திருப்பம், அடுப்பிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரம். அலுமினியத் தாள் சுருக்குக் குழாயின் ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் தங்கும். சிம்னியைச் சுவரில் மாட்டுங்கள். கூரைக் கட்டையில் ஆணி அடிக்காதீர்கள். கட்டை சுவருக்குள் போகும் முனைதான் முதலில் இற்றுப்போகும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து, உள்ளே இறங்கினால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

மேடை உயரத்துக்கு யாரும் ஃபார்முலா சொல்ல வேண்டியதில்லை. அதிகம் சமைக்கிறவர் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும். அதற்கு 4 இன்ச் கீழே காய் நறுக்கும் மேடை. ஐந்தேகால் அடி உயரத்துக்கு 34, 35 இன்ச் வரும். அடுப்பு வைக்கும் இடம் மட்டும் 4 இன்ச் தாழ்வாக இருந்தால்தான் பெரிய வாணலியில் கிளறும்போது தோள் வலிக்காது. ஆனால் அந்தத் தாழ்வுக்குக் கீழே சிலிண்டர் வைத்து ரெகுலேட்டரைத் திருக இடம் இருக்கிறதா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள். கடப்பா கல் சுண்ணாம்பு வகை. எலுமிச்சையும் புளியும் சிந்திய இடம் அரித்து வெளுக்கும். மேடைக்குக் கறுப்பு கிரானைட் போட்டுவிட்டு, கடப்பாவை அடித்தட்டுக்கு மாற்றுங்கள், அங்கே அது ஆயுசுக்கும் உழைக்கும். கிரானைட்டின் முன்விளிம்புக்கு அடியில் நீளவாக்கில் ஒரு கோடு அறுக்கச் சொல்லுங்கள். வழிகிற தண்ணீர் அந்தக் கோட்டிலேயே சொட்டிவிடும், கீழே கபோர்டுக்கு ஓடாது. சின்ன வேலைதான், சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள்.

சுண்ணாம்புச் சுவரில் நேராக டைல்ஸ் ஒட்டினால் பூச்சோடு பெயர்ந்து வரும். செங்கல் தெரியும்வரை கொத்திவிட்டு 1:4 சிமெண்ட்-மணல் கலவை பூசி, ஒரு வாரம் தண்ணீர் காட்டிய பிறகே ஒட்ட வேண்டும். மேடைக்கு மேல் இரண்டடி போதும். மேலே சுண்ணாம்பையே அடியுங்கள். பட்டியும் (பெயின்ட்டுக்கு முன் பூசும் மாவுப் பூச்சு) பிளாஸ்டிக் பெயின்ட்டும் ஈரத்தை உள்ளே அடைத்து, அடுத்த மழைக்குள் உப்புப் பூத்து உதிரும். டைல்ஸ் இடுக்கை அடைக்க எபாக்சி க்ரௌட். சிமெண்ட் க்ரௌட்டில் மஞ்சள் கறை ஏறினால் போகாது. கபோர்டு விஷயம் சுருக்கமாக: சிங்க்குக்குக் கீழே எந்தப் பலகையும் வேண்டாம், அலுமினியக் கதவு போதும். மற்ற இடத்துக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை. பார்ட்டிகிள் போர்டு ஒரு மழைக்குப் பின் விளிம்பில் உப்பிவிடும்.

கனத்த சுவர் உள்ள சமையலறையில் மாவு புளிப்பதும் வேறு மாதிரி. மார்கழியில் ஃபிளாட்டில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு இங்கே பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். நாலுக்கு ஒன்று அளவில் இட்லி அரிசியும் உளுந்தும், ஒரு டீஸ்பூன் வெந்தயம், உப்புப் போட்டுக் கையால் கலந்து, பாத்திரத்தைத் தரையில் வைக்காமல் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரலமாரியில் மூடி வையுங்கள். சித்திரையில் அதே மாவு ஆறு மணி நேரத்தில் வழிந்துவிடும். பாதிப் பாத்திரத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். கிரைண்டருக்கு 24 இன்ச் உயரத்தில் நிரந்தரமாக ஒரு தனி மேடை கொடுங்கள். தூக்கி வைத்து இறக்குகிற கிரைண்டர் சீக்கிரமே பரணுக்குப் போய்விடும்.

தரையை மட்டும் மாற்றாதீர்கள். சிவப்பு ஆக்சைடு தரையில் எண்ணெய் சிந்தினால் கெடாது, மினுக்கும். கெடுப்பது ஆசிட் கலந்த கிளீனர்தான். லேசான சோப்புத் தண்ணீர் போதும். எப்போதாவது தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, உடனே காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அடுப்பின் முன்னால் மட்டும் எண்ணெய் வேண்டாம், வழுக்கும். விரிசலை வெள்ளை சிமெண்ட்டும் ஆக்சைடு பொடியும் குழைத்து அடைக்கலாம், நிறம் அச்சு அசலாக ஒத்துப்போகாது, பரவாயில்லை. பழைய தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். ஒட்டினால் தரை ஒன்றரை இன்ச் உயரும். கதவின் அடியை இழைக்க வேண்டும், தரைத்துவாரத்தின் வாயைத் திரும்பக் கட்ட வேண்டும், அளந்து போட்ட மேடையிலும் அந்த ஒன்றரை இன்ச் குறைந்துவிடும்.