ஒரே பேட்டர்னில் பல கவுன்கள்: நீண்ட நாள் அனுபவம்

சில ஆண்டுகளாக என் கவுன்கள் எல்லாவற்றையும் ஒரே காகிதப் பேட்டர்னை, அதாவது துணியின் மேல் வைத்து வெட்டும் மாதிரித் தாளை, வைத்துத்தான் தைக்கிறேன். இடுப்பில் இணைப்பு, பக்கவாட்டில் மார்பு டார்ட் (மார்பு வளைவுக்காக முக்கோணமாகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) என்று சாதாரண வடிவம். உறையிலிருந்து எடுத்தபடியே வெட்டினால் எனக்குப் பொருந்தாது. திருத்திய பிறகோ எந்த ஆயத்த உடையும் இதன் பக்கத்தில் நிற்காது.

பேட்டர்ன்கள் பெரும்பாலும் மேல்மார்புக்கும் (அக்குளை ஒட்டிய சுற்றளவு) முழு மார்புக்கும் சுமார் 2 அங்குல வித்தியாசம் உள்ள உடலுக்கே வரையப்படுகின்றன. எனக்கு அது 4. முழு மார்பளவைப் பார்த்து பேட்டர்னின் அளவு எண்ணைத் தேர்ந்தெடுத்தால் தோள் சரியும், கழுத்து அகன்று நிற்கும். அதனால் அக்குளை ஒட்டி நாடாவைச் சுற்றிய அளவுக்கு எண்ணை எடுத்து, மார்பை மட்டும் விரித்துக்கொள்கிறேன். முன்துண்டில் இடுப்பிலிருந்து மார்பு முனை வரை ஒரு வெட்டு, அங்கிருந்து கைக்குழியை நோக்கிச் சாய்வாக இன்னொன்று. கைக்குழி ஓரத்தில் மயிரிழை காகிதத்தை விட்டுவைக்க வேண்டும்; கீல் அதுதான். டார்ட்டின் நடுவையும் மார்பு முனை வரை வெட்டி 1 அங்குலம் விரித்தால் டார்ட் தானாக அகலமாகிறது. இடைவெளியில் காகிதம் ஒட்டி, நடுப்பகுதியின் கீழ் ஓரத்தையும் பக்கப்பகுதியின் ஓரத்தோடு சமமாகும் வரை இறக்கினால் போதும். துண்டு பாதி உடலுக்கானது என்பதால் மொத்தத்தில் 2 அங்குலம் கூடிவிடும்.

அடுத்தது காடாத் துணியில் ஒரு வெள்ளோட்டம். சோம்பலில் இதைத் தாண்டிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்த இடத்தில் இழுவைக் கோடுகள் குவிகின்றனவோ அங்கே துணி போதவில்லை என்று கண்ணாடியே காட்டிக்கொடுக்கும்.

கையைத் தூக்கினால் கவுன் முழுதும் மேலேறுகிறதா? கைக்குழியை ஆழமாக்கத்தான் தோன்றும். நான் அக்குள் பக்கம் அரை அங்குலம் உயர்த்தி, கவுன் கைத்துண்டின் அக்குள் பகுதியையும் அதற்கேற்பத் திருத்தினேன், அசைவு சுலபமானது.

குறை என்றால் காகிதம்தான். மெல்லியது, குண்டூசி பட்டாலே கிழிகிறது. திருத்திய வடிவத்தைத் தடித்த தாளில் பிரதி எடுத்து, நேர்நூல் கோடு (துணியின் நீளவாட்டு நூலோடு பொருத்த வேண்டிய கோடு), தேதி, உடலளவு மூன்றையும் எழுதிவைத்திருக்கிறேன். பனியன் துணிக்கு இது உதவாது; அதற்குத் தனிப் பேட்டர்ன் வேண்டும்.

பக்கத் தையலில் மட்டும் 1 அங்குலம் துணி விடுகிறேன். உடல் பெருத்த ஆண்டில் பழைய கவுன்களைப் பிரித்துத் தைத்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.