ஓப்பன்டபிள்யூஆர்டி ரௌட்டர், கூடவே ஒரு கேபிள்: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டு வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது என்று சொல்பவர்கள் அடுத்த வரியிலேயே "எந்த ரௌட்டர் வாங்கலாம்?" என்று கேட்டுவிடுகிறார்கள். சில வருடங்களாக நான் ஒரே நடுத்தர ரௌட்டரில், நிறுவனம் தந்த மென்பொருளுக்குப் பதிலாக ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல மென்பொருளைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டின் மறுபக்கத்தில் கேபிள் வழியாக இணைத்த இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) இருக்கிறது. இரண்டுமே பெரிய ஆன்டெனாக்கள் முளைத்த, கேம் ஆடுபவர்களுக்கென்று விற்கும் வகை இல்லை. ஆனாலும் இணைப்பு அறுவதில்லை என்றால், காற்றில் போகத் தேவையில்லாததை எல்லாம் கம்பிக்கு மாற்றியதுதான் முதல் காரணம்.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்கும். பக்கத்து வீட்டு ரௌட்டர் அதே சேனலில் இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் காத்திருப்பு. டிவி, மேசைக் கணினி, படச் சேமிப்புப் பெட்டி மூன்றையும் ஈதர்நெட் கேபிளுக்கு மாற்றிய பிறகு போன்களில் வித்தியாசம் தெரிந்தது. போனில் நான் எதையுமே மாற்றவில்லை. சாதாரண கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் கொண்டுபோகும்; வீட்டுக்கு அது தாராளம்.

இரண்டாவது ஆக்சஸ் பாயிண்டும் கேபிளில்தான். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், ஒவ்வொரு தகவலையும் இரண்டு முறை காற்றில் விடுகிறது. வேகம் பாதியாவது அதனால்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொள்வது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது போன்தான். ஆரம்பத்தில் இரண்டு பெட்டிகளும் முழு பலத்தில் கத்திக்கொண்டிருந்தன. மறுபக்க அறைக்குப் போன பிறகும் என் போன் பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டு, சிக்னல் மைனஸ் 80 டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்திலிருந்து விலக விலகப் பலவீனம்) இறங்கும் வரை விடவில்லை. இரண்டிலும் பரப்பும் சக்தியைக் குறைத்தேன். அதன்பின் நடந்துகொண்டே பார்த்தால், மைனஸ் 70க்கு அருகிலேயே போன் மாறிவிடுகிறது, பேசிக்கொண்டிருக்கும் அழைப்பும் அறுவதில்லை. சக்தியைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ரௌட்டரின் சத்தம் போனுக்குக் கேட்கலாம். போனின் மெல்லிய குரல் ரௌட்டருக்குக் கேட்க வேண்டாமா?

சேனல் விஷயத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 இவற்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். அவ்வளவுதான். இடையில் 3, 4 என்று வைத்தால் இருபக்கமும் இடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் காலியாகத் தெரிந்ததால் அங்கே போனேன். அவ்வப்போது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயர் மட்டும் மறைந்து, சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்தது. ரௌட்டரின் பதிவுகளை (லாக்) திறந்தால், ரேடார் கண்டதாக ஒரு வரி. அந்தச் சேனல்களை வானிலை ரேடார் போன்றவை பயன்படுத்துகின்றன. ரேடார் சிக்னல் பட்டால் ரௌட்டர் உடனே விலக வேண்டும், அதேபோன்ற இன்னொரு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 வினாடி காது கொடுத்துக் கேட்ட பிறகே பேச வேண்டும் என்பது விதி. ரேடார் விதி இல்லாத 36ஆம் சேனலுக்குத் திரும்பிவிட்டேன். நெரிசல் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் மறைவதில்லை.

ஓப்பன்டபிள்யூஆர்டியை நான் விடாமல் வைத்திருப்பதற்குப் பெரிய காரணம் எஸ்க்யூஎம் என்ற, தகவல் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி. போன் படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கியதும் வீடியோ அழைப்பு உறைந்துபோவதைப் பலரும் வைஃபை கோளாறு என்று நினைக்கிறார்கள். கேபிளில் இருந்தபடி பிங் (ஒரு தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) ஓடவிட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 20 மில்லி வினாடி காட்டியது, அப்லோடு தொடங்கியதும் பல நூறுக்கு ஏறியது. மோடத்தில் நீண்ட வரிசை சேர்வதால் வரும் தாமதம் அது. எஸ்க்யூஎம்மில் கேக் என்ற முறையைத் தேர்ந்து, வேகத்தை உண்மையில் கிடைப்பதில் 90 சதவீதம் அளவுக்குக் கட்டிவைத்தேன். இப்போது அப்லோடு நடக்கும்போதும் பிங் அதிகம் அசைவதில்லை. இதற்கு ரௌட்டரின் செயலி நிறைய உழைக்க வேண்டும். ஜிகாபிட் இணைப்பு வைத்திருப்பவர்கள் சின்னப் பெட்டியில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

பாதுகாப்புக்கு வருகிறேன். முதல் வேலை டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்டு அடிக்காமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கும் வசதி) அணைப்பது. அதன் 8 இலக்க பின்னை ரௌட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண் என்பதை 2011இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்டெஃபான் ஃபீபெக் வெளிக்கொண்டுவந்தார். பத்து கோடி வாய்ப்புகள் என்று தோன்றுவது 11,000 ஆகச் சுருங்கிவிடுகிறது. எவ்வளவு நீளமான பாஸ்வேர்டு வைத்தாலும் இந்தக் கதவு திறந்திருந்தால் பயனில்லை.

டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், போன் இணையும் தருணத்தை யாராவது பதிவு செய்துகொண்டு போனால், தன் வீட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருக்கலாம். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 அதைத் தடுக்கிறது. போன்களும் மடிக்கணினிகளும் டபிள்யூபிஏ3யில் சிக்கலில்லாமல் ஓடுகின்றன. பழைய பிரிண்டரும் ஸ்மார்ட் பிளக்குகளும் அதில் ஏறவே இல்லை. அவற்றுக்கு 2.4இல் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு கொடுத்து, மற்றக் கருவிகளைத் தொட முடியாதபடி ஃபயர்வாலில் பிரித்துவிட்டேன். கேமராவும் அங்கேதான். 2016இல் மிராய் என்ற தீநிரல் பரவியது இப்படிப்பட்ட கேமராக்களும் ரௌட்டர்களும் கடையிலிருந்து வந்த அதே பாஸ்வேர்டில் இருந்ததால். வைஃபை பெயரை மறைத்து வைப்பது, மேக் முகவரிப் பட்டியலில் (மேக் முகவரி என்பது கருவியின் அடையாள எண்) உள்ளவற்றை மட்டும் அனுமதிப்பது இரண்டையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. மேக் முகவரி காற்றில் மறையாக்கம் இல்லாமலே போகிறது. புதிய போன்கள் அதை வலையமைப்புக்கு வலையமைப்பு மாற்றியும் கொள்கின்றன.

குறைகளும் உண்டு. முதல் முறை ஓப்பன்டபிள்யூஆர்டி போடும்போது நிர்வாகப் பாஸ்வேர்டு காலியாகத்தான் இருக்கும், கையோடு வைத்துவிடுங்கள். சாதாரண முறையில் அப்டேட் செய்தால் செட்டிங்ஸ் அப்படியே இருக்கும், கூடுதலாகப் போட்ட பேக்கேஜ்கள் போய்விடும். அவற்றையும் சேர்த்துக் கட்டித் தரும் அப்டேட் வசதியைப் பயன்படுத்துவதே நல்லது. பிராட்காம் சிப் உள்ள பல ரௌட்டர்களில் வைஃபைக்கு ஆதரவு சரியில்லை, வாங்கும் முன் ஓப்பன்டபிள்யூஆர்டியின் கருவிப் பட்டியலைப் பாருங்கள். இத்தனை குறைகளையும் மீறி எனக்கு இது போதும் என்று தோன்றுவது அப்டேட்டால்தான். இந்தப் பெட்டியைத் தயாரித்த நிறுவனம் திருத்தங்கள் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பழைய பிளக்குகளுக்கு மட்டும்தான் யாரும் எதுவும் தருவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.