கிரானைட் மேடைக்கு அளவெடுத்துவிட்டுப் போனார்களா? சதுர அடியை நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

சமையலறை மேடைக்கு கிரானைட் போடப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு வந்த கல் நல்ல கல்தான். ஏமாற்றியது அளவில்.

எங்களுடையது எல் வடிவ மேடை. ஒரு சுவர் 10 அடி, இன்னொன்று 7 அடி, இரண்டு முனையும் சுவரில் முட்டும். அகலம் 25 அங்குலம். பணம் முழுவதையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் கடைக்காரர் விவரச் சீட்டையே கொடுத்தார். அதில் 49 சதுர அடி என்று இருந்தது. எப்படி வந்தது என்று கேட்டால், “எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுறோம்” என்கிறார்.

பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. 10 அடியையும் 7 அடியையும் தனித்தனியாக அகலத்தால் பெருக்கிக் கூட்டியிருக்கிறார். மூலையில் இரண்டு பக்கமும் சேர்கிற சதுரத்துக்கு இரண்டு முறை காசு! 25 அங்குலத்தை இரண்டரை அடியாக ஏற்றிவிட்டார். அப்படியே 42.5 சதுர அடி ஆகிவிட்டது. அதற்கு மேல் வேஸ்டேஜ், அதாவது வெட்டும்போது வீணாகும் கல்லுக்காக, 15 சதவீதம்.

சரியான கணக்கு சுலபம். நீளமான பக்கம் 120 அங்குலம், அகலம் 25, ஆக 3,000 சதுர அங்குலம். அடுத்த பக்கத்தில் மூலையைக் கழித்தால் 84 போய் 59 அங்குலம்தான், அது 1,475. இரண்டையும் கூட்டி 144ஆல் வகுத்தால் 31 சதுர அடியைச் சற்றே தாண்டும். விளிம்பு பாலிஷிலும் இதே வேலைதான். முன்பக்க விளிம்பு 13 அடிகூட வராது, 17 ரன்னிங் அடிக்குக் கூலி போட்டிருக்கிறார்.

சிங்க்குக்கு வெட்டி எடுக்கும் இடத்தைக் கழிக்காததை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கல்லுக்கும் காசு உண்டு, வெட்டுவதற்கும் கூலி உண்டு. ஸ்லாப், அதாவது வெட்டாத முழுக் கல் பலகை, நம் அளவுக்கே வராது என்பதால் வேஸ்டேஜும் இருக்கத்தான் செய்யும். ஆனால் அகலத்தை ஏற்றிப் போடுவதே வேஸ்டேஜுக்காகத்தானே? அதையும் வாங்கிக்கொண்டு மேலே சதவீதமும் போடுவது பகல் கொள்ளை. முழு ஸ்லாப்புக்குக் காசு கேட்டால் மிச்சத் துண்டு நம்முடையது. அதை முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

இத்தனை காசு வாங்கியும் அளவெடுத்த லட்சணம் வேறு. அகலத்தை ஒரே இடத்தில் பிடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சுவர் மூலை மட்டமாக, அதாவது சரியான செங்கோணமாக இல்லை. கல்லை வைத்தபோது ஒரு பக்கம் சுவரை ஒட்டி நின்றது. சிங்க் பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. டைல்ஸ் ஒட்டினால் மறைந்துவிடும் என்றார்கள். டைல் கனம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, எப்படி மறையும்? வெள்ளை சிமென்ட்டை அப்பிவிட்டுப் போனார்கள். அது விரிசல் விட்டு, இப்போது தண்ணீர் கீழே அலமாரிக்குள் இறங்குகிறது.

மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் குறித்து, குறுக்கே டேப் பிடிக்கச் சொல்லுங்கள். சரியாக 5 அடி வந்தால் மட்டம். வராவிட்டால் அட்டையில் அச்சு வெட்டி எடுத்துப் போகட்டும். அகலத்தை இரண்டு முனையிலும் நடுவிலும் பார்க்கட்டும். அளவெடுப்பது பூச்சு வேலை முடிந்த பிறகு நடக்கட்டும், சிங்க்கும் கையில் இருக்கட்டும். அப்புறம், ஒவ்வொரு துண்டின் நீள அகலமும் எழுதிய சீட்டு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் மிச்சத் துண்டு இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது. அதையும் கூடுதலாக வாங்கிய பணத்தையும் எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறேன்.