முதல் மரக்கப்பலுக்கு எது ஏற்றது: போர்க்கப்பலா, ஸ்கூனரா, டோரியா?

மரத்தில் மாதிரிக் கப்பல் கட்ட ஆசைப்படுகிறவர்கள் மனத்தில் முதலில் வந்து நிற்பது மூன்று பாய்மரம் கொண்ட போர்க்கப்பல்தான். எனக்கும் அப்படித்தான் வந்தது. வெட்டிய பாகங்கள் அடங்கிய கிட்டைப் பிரித்த அன்றே வேலையில் இறங்கினேன். இடப்பக்கம் முழுவதற்கும் பலகை ஒட்டி முடித்துவிட்டுத்தான் வலப்பக்கத்தைத் தொட்டேன். நனைத்து ஒட்டிய பலகைகள் உலர்ந்து இழுத்ததில், கப்பலின் முதுகெலும்பான ஏரா வில்லாக வளைந்துவிட்டது. பிறகு அதை நிமிர்த்த வழியே இல்லை. இரண்டு பக்கமும் மாறி மாறி ஒரு பலகையாக ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த உடல் இரண்டு ஆண்டுகள் பரணில் கிடந்தது. அடுத்து எடுத்த சிறிய டோரிப் படகுதான் நான் கட்டி முடித்த முதல் கலம்.

போர்க்கப்பல், நீளவாக்கில் பாய் கட்டும் மீன்பிடி ஸ்கூனர், டோரி என்ற திறந்த படகு ஆகிய மூன்றையும் அதனால்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

போர்க்கப்பலுக்குப் பிரிட்டனின் எச்.எம்.எஸ். விக்டரியையே எடுத்துக்கொள்வோம். 1765-இல் நீரில் இறங்கி, 1805-இல் டிரஃபால்கர் போரில் 104 பீரங்கிகளோடு நின்ற கப்பல் அது. 1:72 அளவில், அதாவது உண்மைக் கப்பலின் 72-இல் ஒரு பங்காகக் கட்டினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வரும். அந்த நீளத்தைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது ஒரே வேலை திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துத்தான். ஒரு பீரங்கி வண்டி செய்வது இன்பம். அதையே பல டஜன் முறை, ஒன்று போல் மற்றொன்று இருக்கும்படி செய்வது வேறு வகைப் பொறுமை. பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளுக்குக் குறுக்கே கட்டும் ஏணிக்கயிறுகளுக்கு மட்டுமே ஆயிரக்கணக்கில் முடிச்சு போட வேண்டியிருக்கும்.

ஆனால் தொடக்கக்காரர் பலர் அந்த முடிச்சு வரை போவதே இல்லை. அதற்கு முன்பே, கப்பலின் முன்முனையான அணியத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பழைய போர்க்கப்பல்களின் முன்பகுதி பானை வயிறு போல உருண்டிருக்கும். பலகை அங்கே உள்நோக்கியும் வளைய வேண்டும், முறுக்கவும் வேண்டும். மெல்லிய மரப் பலகை தன் தட்டையான முகத்தில் வளைய இணங்கும். அகலவாக்கில் பக்கவாட்டாக வளைக்கப் பார்த்தால் விளிம்பு தூக்கிக்கொள்ளும். எனவே ஒவ்வொரு பலகையையும் முனை நோக்கிக் கூராக்க வேண்டும். காகித நாடாவை, உடலுக்கு வடிவம் தரும் ஒவ்வொரு குறுக்குப் பலகையின் மேலும் சுற்றி அளந்து, அந்த நீளத்தை மொத்தப் பலகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், பலகை அந்த இடத்தில் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பது கிடைக்கும். அது மூல அகலத்தில் பாதிக்கும் கீழே போனால் ஒரு பலகையை அங்கேயே நிறுத்தி, பக்கத்துப் பலகையை அகலமாக்க வேண்டும். முதல் முயற்சியில் இதைக் கற்றுக்கொண்டே அழகாகவும் செய்வது மிகக் கடினம்.

ஸ்கூனர் இந்த இடத்தில் பெரிதும் இரங்குகிறது. 1921-இல் கனடாவில் நோவா ஸ்கோஷியாவின் லூனன்பர்க்கில் இறக்கப்பட்ட புளூநோஸ் நல்ல சான்று. அணியம் கத்தி போல் ஒடுங்கியது. பலகை அதிகம் வளையாமல் முனையைத் தொட்டுவிடும். பீரங்கி இல்லை. பாய்மரம் இரண்டுதான். பாய்கள் கப்பலின் நீளவாக்கில் அமைவதால், சதுரப்பாய்க் கப்பலில் பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஒவ்வொரு பருமலுக்கும் தேவைப்படும் கயிறுக் கூட்டம் இதில் இல்லை. 1:64 அளவில் உடல் நீளம் 70 சென்டிமீட்டரை நெருங்கும். குறை இருப்பது பின்பக்கத்தில். நீருக்கு மேல் நீண்டு சரியும் அந்த அமரத்தில் பலகைகள் சட்டென்று திரும்ப வேண்டும். அங்கே மரத்துண்டுகளை ஒட்டி நிரப்பி, செதுக்கித் தாங்கு கொடுக்காவிட்டால் வரிசை குலைந்துவிடும்.

மூன்றாவது, டோரி. கனடாவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள கிராண்ட் பேங்க்ஸ் கடற்பகுதியில் காட் மீன் பிடித்த தட்டை அடிப் படகு. மாடல் ஷிப்வேஸ் நிறுவனம் தொடக்கக்காரர்களுக்கென வெளியிட்ட மூன்று கிட்டுகளில் முதலாவது இதுதான். அடுத்தவை நார்வே நாட்டுப் பாய்ப்படகும், ஒற்றைப் பாய்மரச் சிங்கி இறால் படகும். 1:24 அளவில் டோரி ஓர் அடிக்கோலுக்குள் அடங்கிவிடும். பக்கத்துக்குச் சில அகலப் பலகைகள்தான். ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் மேல் படிய வேண்டும் என்பதால் சாய்வாகச் சீவும் கைப்பழக்கம் தானாக வருகிறது.

டோரி எளிது என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். போர்க்கப்பலில் தளத்துக்கு அடியில் மறையும் குறைகள் இதில் மறையா. உட்புறம் முழுவதும் திறந்தது. பசை வழிந்த இடத்தில் எண்ணெயோ மரச்சாயமோ ஏறாமல் வெளிறிய திட்டாகத் தெரியும். இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் ஒவ்வாவிட்டாலும் மேலிருந்து பார்க்கும் கண் கண்டுபிடித்துவிடும். ஆனால் தவறிய பலகையை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்து, மறுநாளே புதிதாக வெட்டிவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே டோரிக்கு என் ஓட்டு.

ஸ்கூனரோ போர்க்கப்பலோ எடுத்தே தீருவேன் என்பவருக்கு இன்னொரு தேர்வு இருக்கிறது: ஒற்றைப் பலகையடுக்கா, இரட்டையா? இரட்டை அடுக்கில் முதலில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுத் தடிமனில் மென்மரம். அதில் பள்ளங்களைப் பட்டி பூசி நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்துச் சீராக்கியபின், மேலே அரை மில்லிமீட்டர் மெல்லிய வால்நட் மரப் பலகை. உழைப்பு இருமடங்கு. ஆனால் முதல் அடுக்கு பயிற்சி, இரண்டாவது அரங்கேற்றம் என்ற வசதி கிடைக்கிறது. மேலடுக்கை மட்டும் அழுத்தித் தேய்த்துவிடாதீர்கள், அடிமரம் தெரிந்துவிடும். ஒற்றை அடுக்கில் இந்த மன்னிப்பு இல்லை. வண்ணம் பூசி மூடப்போகிறீர்கள் என்றால் மட்டுமே அதைத் தொடக்கக்காரருக்குச் சொல்வேன்.

பசையில் எனக்குத் தயக்கமே இல்லை. உடனடிப் பசை விரைவானது, ஆனால் இடம் மாற்ற நேரம் தராது. தச்சர்களின் வெள்ளைப் பசையும் துணிக் கவ்விகளும் போதும். பலகை வளைக்க நீரைவிட வெப்பமே முக்கியம்: மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் சூட்டில்தான் இளகுகிறது. சற்று நனைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியில் அழுத்தி வளைத்து, உலரும்வரை கட்டிவைத்து, அதன் பிறகே ஒட்டுங்கள். என் ஏராவை வளைத்தது ஈரத்தோடு ஒட்டிய அவசரமும்தான்.

டோரியை முடித்தவர்கள் அடுத்து புளூநோஸ் போன்ற ஸ்கூனரை எடுக்கலாம். அந்த மீன்பிடிக் கப்பல்கள் தம் டோரிகளை ஒன்றுக்குள் ஒன்றாகத் தளத்தில் அடுக்கிச் சென்றன. உட்காரும் பலகைகளைக் கழற்றிவிட்டால் கிண்ணங்கள் போல அடங்கும். 1:64 அளவில் ஒவ்வொன்றும் சுமார் ஒன்பது சென்டிமீட்டர். அவற்றைச் செய்ய உட்காரும்போது வரைபடம் பெரிதாகத் தேவைப்படாது.